மின்வழிப் பயிற்சியில் இரு தமிழ்: வீடுசார் பராமரிப்புப் பணியாளர்க்கான கற்றல்வள உருவாக்கம் – திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முதியோர், நீண்டகால நோயர், படுக்கையில் கிடப்போர் ஆகியோரின் வீடு தேடிச் செல்லும் பராமரிப்புப் பணியாளர்க்குக் கைப்பேசி வழியாகப் பயிற்சி அளிக்கும் முயற்சிகள் பெருகி வருகின்றன. இப்பணியாளர் வாசலில் கேட்பது பேச்சுத் தமிழ். பதிவேட்டில் எழுதுவது எழுத்துத் தமிழ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் சிதையாமல் கடப்பதே அவர்தம் பணியின் பெரும்பகுதி. பயிற்சி வளங்கள் இக்கடத்தலைக் கற்பிக்க வேண்டும் என்பதையும், அவற்றின் மொழி, வடிவம், மதிப்பீடு ஆகியன அதற்கேற்ப எவ்வாறு அமையலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்வழிக் கற்றல், சமூகப் பராமரிப்பு, இரட்டை வழக்கு, இரட்டைக்கிளவி, மக்களைத் தேடி மருத்துவம், திருவண்ணாமலை

முன்னுரை

தமிழில் இணையவழிக் கல்வி என்றதும் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பெயர்பெற்ற நிறுவனமே ஆய்வாளர் நினைவுக்கு வரும். அங்கு வளர்ந்த பாடங்கள் மொழி, இலக்கியம், பண்பாடு சார்ந்தவை. தொழிற்பயிற்சிக்கான தமிழ், குறிப்பாகப் பிறர் உடலைத் தொட்டுப் பேணும் தொழிலுக்கான தமிழ், தமிழாய்வுத் துறையின் கவனத்தை அந்த அளவு பெறவில்லை. அது மருத்துவத் துறையின் வேலை, நமக்கு அதில் இடமில்லை என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் அப்பாடங்களைத் திறந்து பார்த்தால் முதலில் தென்படுவது மொழிச்சிக்கலே.

வீடு தேடிச் செல்லும் பணி

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டில் சென்று வழங்குதல், நோய் ஆதரவுச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை ஆகியன அதன் கூறுகள். இதில் முன்கள நிலையில் இருப்போர் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். இத்திட்டம் 2024இல் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அவையின் பல்முகமைப் பணிக்குழு விருதைப் பெற்றது. அங்கன்வாடிப் பணியாளர், முதியோர் இல்லப் பணியாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான களப்பணியாளர் ஆகியோரையும் சேர்த்துச் சமூகப் பராமரிப்புப் பணியாளர் என இக்கட்டுரை வழங்கினும், சான்றுகள் பெரும்பாலும் இத்தன்னார்வலர் செய்யும் வகைப் பணியிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

இப்பணியாளர்க்குக் கைப்பேசி புதிதன்று. அங்கன்வாடிகளில் 2021 மார்ச் முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலி பயன்பாட்டில் உள்ளது. அது குழந்தையின் எடை, உயரம், வருகை முதலியவற்றைப் பதிவதற்கானது. எனவே பலருக்குக் கைப்பேசி பயிற்றுநராக அறிமுகமாகும் முன்பே கண்காணிப்பாளராக அறிமுகமாகிவிட்டது. அதே திரையில் பயிற்சிப் பாடமும் வரும்போது, ‘இதையும் முடித்து அனுப்ப வேண்டுமா?’ என்ற சலிப்போடு அது எதிர்கொள்ளப்படுவதில் வியப்பில்லை. மின்வழிப் பாடம் உருவாக்குவோர் இவ்வரலாற்றை மறந்துவிடலாகாது.

இரமணாசிரமப் பகுதி

திருவண்ணாமலையில் செங்கம் சாலையையொட்டி அமைந்த இரமணாசிரமப் பகுதி, பராமரிப்புப் பணி நோக்கில் பிற பகுதிகளினின்று வேறுபட்டது. பிள்ளைகள் வேறிடத்தில் இருக்க, தம் முதுமையை மலையடிவாரத்தில் கழிக்க வந்து வாடகை அறைகளில் தனித்து வாழ்வோர் இங்கு உள்ளனர். கிரிவலப் பாதையோரம் தங்கியிருக்கும் துறவியர் உள்ளனர். ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வந்து தங்கிய தெலுங்கு பேசுவோரும் வெளிநாட்டினரும் உள்ளனர். அவர்களுக்கு அடுத்த தெருவில், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் உழைப்பாளர் குடும்பங்களும் உள்ளன.

இதன் விளைவாக, பயிற்சிப் பாடங்கள் எடுத்துக்கொள்ளும் முதல் அனுமானம் இங்குத் தகர்கிறது. ‘குடும்ப உறுப்பினரிடம் விளக்குக’ என்று பாடம் சொல்லும். விளக்குவதற்குக் குடும்ப உறுப்பினர் இல்லை. பக்கத்து அறைக்காரரோ, தேநீர்க் கடைக்காரரோ, சத்திரத்துக் காவலரோதாம் உள்ளனர். துறவியிடம் வயதையோ சொந்த ஊரையோ கேட்பது முறையன்று என்பது இவ்வூரில் அனைவரும் அறிந்தது. படிவத்திலோ அவ்விரண்டுமே முதற்கட்டங்கள். ‘சாமி’ என்று விளித்து, உடல்நிலையை முதலில் விசாரித்து, ஏனையவற்றைப் பின்னொரு நாளுக்கு விட்டுவைக்கும் நயத்தை இப்பகுதியில் பணிபுரிவோர் தாமாகவே பழகிக்கொள்கின்றனர். இந்நயம் எந்தப் பாடத்திலும் எழுதப்படவில்லை. அதை அறிந்தவர் பணியை விட்டு விலகினால் அதுவும் அவரோடு போய்விடும்.

மற்றொன்று கிரிவலம். மலையைச் சுற்றிய 14 கி.மீ. பாதையைப் பெரும்பாலோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். நீண்டகால நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவர்க்குத் தார்ச்சாலையின் சூடும் சிறு கல்லும் தெரியாது. கொப்புளம் வெடித்துப் புண்ணான பின்பே அவர் அதைக் காண்பார். நீரிழிவுப் பாதப் பராமரிப்பு குறித்த பாடங்கள் ‘வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றன. வேண்டுதலோடு நடப்பவரிடம் அவ்வரி பயன்படாது. வெயில் ஏறும் முன்போ இரவிலோ நடத்தல், பருத்தி காலுறை அணிதல், நடந்து முடித்ததும் கண்ணாடி கொண்டோ பிறர் உதவியாலோ உள்ளங்காலைப் பார்த்தல், ஆறாத புண் இருக்கும்போது நடையைத் தள்ளிவைத்தல் என்று இறங்கிவந்து பேசும் பாடமே இங்குப் பயன்தரும். இதை இவ்வூர்ப் பணியாளரே எழுதமுடியும்.

வாசலில் கேட்கும் சொற்கள்

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பின் மொழியியலார் இரட்டை வழக்கு பற்றி விரிவாகப் பேசிவந்துள்ளனர். தமிழ் அதற்குத் தக்க சான்றாகக் காட்டப்படுகிறது. பராமரிப்புப் பணியில் இவ்விரட்டை வழக்கு நடைவேறுபாடாக மட்டும் நிற்பதில்லை. நோயறிதலையே அது தீர்மானிக்கிறது.

பாடத்தில் இடம்பெறும் சொற்கள் ‘உணர்விழப்பு’, ‘தலைச்சுற்றல்’, ‘நெஞ்சுப் படபடப்பு’, ‘எரிச்சல் உணர்வு’ என்பன. வாசலில் கேட்பவையோ வேறு. வட ஆற்காட்டுப் பேச்சில் ஒரு மூதாட்டி, “காலு மதமதன்னு கீது கண்ணு, செருப்பு கழண்டு போனாகூட தெரியமாட்டேங்குது” என்பார். இவ்வொரு தொடரில் உணர்விழப்பும் உள்ளது, அதன் அளவும் உள்ளது. ‘திகுதிகுன்னு எரியுது’, ‘சுருக்சுருக்குனு குத்துது’ என்பன நரம்புப் பாதிப்பின் வேறு நிலைகளைக் காட்டக்கூடும். ‘எழுந்தா கிறுகிறுன்னு வருது’ என்பதில் எழுந்தா என்னும் சொல் முதன்மையானது: படுத்த நிலையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டிய குறிப்பு அது. படுத்த நிலையிலும், நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் அளந்து, மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். ‘தலைச்சுற்றல் உள்ளது: ஆம் / இல்லை’ என்ற கட்டத்தில் அச்சொல் தொலைந்துபோகிறது.

இவற்றுட் பல இரட்டைக்கிளவிகள். தொல்காப்பியக் கிளவியாக்கம் இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் கூறியிருப்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். வகுப்பறையில் ‘சலசல’, ‘கலகல’ என்ற எடுத்துக்காட்டுகளோடு அதை முடித்துக்கொள்கிறோம். நோயர் வாயில் அவை உடலுணர்வைத் துல்லியமாகப் பிரித்துக்காட்டும் சொற்களஞ்சியமாக இயங்குகின்றன. வட்டாரந்தோறும் இவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எவ்வுணர்வைச் சுட்டுகிறது என்று மருத்துவரும் பணியாளரும் சேர்ந்து உறுதிசெய்யும் அகராதிப் பணி, தமிழ்த்துறை முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்கது. பயிற்சிப் பாடத்துக்கு அது அடித்தளமாகும்.

ஒரே சொல் இரண்டைச் சுட்டுவதால் வரும் இடரும் உண்டு. ‘சர்க்கரை’ என்பது நோய்க்கும் பெயர், பொருளுக்கும் பெயர். ‘சர்க்கரை ஆகாது’ என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய வீட்டில், இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி நோயர் வியர்த்து நடுங்கும்போது, சர்க்கரை கொடுக்கக் கை எழுவதில்லை. உணர்வுடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். மயங்கிய நிலையில் வாயில் எதையும் ஊற்றலாகாது. இச்செய்தி பாடங்களில் இல்லாமலில்லை. ஆனால் ‘இரத்தச் சர்க்கரைக் குறைநிலை’ என்ற தலைப்பில் அது இருக்கும்வரை, பணியாளர் அதை ‘கண் இருட்டிக்கிட்டு வருது, வேர்த்துக் கொட்டுது’ என்ற குரலோடு இணைத்துக்கொள்வது அரிது.

‘சிவந்திருத்தல்’

மொழிபெயர்ப்பால் வரும் பிழைகளுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துரைக்கலாம். படுக்கையில் கிடப்பவர்க்கு வரும் அழுத்தப்புண்ணின் முதல்நிலையை ஆங்கிலப் பாடங்கள் தோல் சிவத்தல் என்று விளக்குகின்றன. விரலால் அழுத்தினால் அச்சிவப்பு மறைவதில்லை என்பது அடையாளம். தமிழில் அது ‘தோல் சிவந்திருத்தல்’ ஆகிறது. சொல்லளவில் மொழிபெயர்ப்பு சரியே. ஆனால் வெளிர்நிறத் தோலை மனத்தில்கொண்டு எழுதப்பட்ட அவ்வரையறை, கருநிறத் தோலில் பயன்படாது. இங்குச் சிவப்பு தெரியாது. அவ்விடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ தோன்றும். தொட்டால் சூடாகவோ, கல்போல் இறுகியோ, சொதசொதவென்றோ இருக்கும். தொடும்போது நோயர் முகம் சுளிப்பார். சிவப்பைத் தேடிய பணியாளர் ‘புண் இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார். அடுத்த முறை செல்லும்போது தோல் உரிந்திருக்கும். அதன்பின் அது ஆறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. ‘கன்றிப்போதல்’ என்னும் சொல், அடிபட்டோ அழுந்தியோ தோல் நிறம் மாறி வலிப்பதைக் குறிக்கப் பரவலாக வழங்குகிறது. ‘இடுப்பெலும்பு மேல கன்னிப்போயிருக்கா பாரு’ என்றால் எந்தப் பணியாளர்க்கும் எங்கே, எதைப் பார்ப்பது என்பது விளங்கும். பாடத்தை இங்கேயே, இச்சொல்லிலிருந்து தொடங்கி எழுதியிருந்தால், படமும் நம் மக்களின் தோலையே காட்டியிருக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிடுதல், ஈரம் தங்காமல் துடைத்தல் என்னும் செயல்முறைகள் அதன்பின் இயல்பாகவே வந்திருக்கும்.

ஒலியும் எழுத்தும்

அங்ஙனமாயின் பாடம் முழுவதையும் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமா? கட்டுரையாளர் அவ்வாறு கருதவில்லை. முதற்காரணம், பேச்சுத் தமிழை எழுத்தில் வாசிப்பது எழுத்துத் தமிழை வாசிப்பதைவிடக் கடினம். கண் அதற்குப் பழகவில்லை. இரண்டாவது, இப்பணியாளர்கள் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள். கொச்சையில் அச்சிட்ட பாடத்தைத் தம் படிப்பைக் குறைத்து மதிப்பிடுவதாக அவர்கள் கொள்ளக்கூடும். மூன்றாவது, அவர்கள் எழுதும் குறிப்பை மருத்துவர் படிக்க வேண்டும். அங்கு ‘உணர்விழப்பு’ என்றே எழுத வேண்டும். ஆகவே கேட்பது பேச்சிலும் எழுதுவது எழுத்திலும் அமைய, பாடம் இரண்டுக்கும் இடையே பணியாளரை நடத்திச்செல்ல வேண்டும்.

இதற்கு ஒலிவழிப் பாடம் மிகவும் ஏற்றது. பீகாரில் 2012இல் பிபிசி மீடியா ஆக்‌ஷன் அமைப்பு உருவாக்கிய ‘மொபைல் அகாடமி’ இத்துறையில் குறிப்பிடத்தக்க முன்னோடி. ஆஷா பணியாளர் எந்தச் சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் அழைத்து, ‘மருத்துவர் அனிதா’ என்னும் கற்பனைப் பாத்திரத்தின் குரலில் பாடம் கேட்கலாம். அத்தியாய முடிவில் வினாக்களுக்கு எண் பொத்தானை அழுத்தி விடையளிக்கலாம். தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் உண்டு. இணையம் வேண்டா, திரையும் வேண்டா. 2016இல் இது மத்திய அரசின் திட்டமாகிப் பல மாநிலங்களுக்கு விரிந்தது. இதற்கு மாறாக, மறதிநோயரின் குடும்பத்தினர்க்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஐசப்போர்ட்’ இணையப் பாடத்தை இந்தியாவில் சோதித்தபோது, சேர்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இறுதிவரை நீடிக்கவில்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டும் வெவ்வேறு மக்களுக்கானவை. நேராக ஒப்பிடுதல் தகாது. எனினும் திரையில் தனித்து வாசிக்கும் பாடம் பராமரிப்பில் ஆழ்ந்தவர் கையில் நிலைப்பது எளிதன்று என்பது புலனாகிறது.

இரமணாசிரமப் பகுதிக்கு ஒரு பாட அலகைக் கற்பனை செய்து பார்க்கலாம். நான்கு நிமிட ஒலி. ஒரு தன்னார்வலர் கதவைத் தட்டுகிறார். “பெரியம்மா, நல்லா கீறியா? மாத்திர சாப்ட்டியா?” “சாப்ட்டேம்மா. ராத்திரில ஒண்ணுக்குப் போவ எழுந்தா கிறுகிறுன்னு வருது.” இங்கு ஒலி நிற்கிறது. அடுத்து எதைக் கேட்பது, எதை அளப்பது என்று கற்பவர் தெரிவு செய்கிறார். பின் உரையாடல் தொடர்கிறது. இறுதியில், கேட்டதைப் பதிவேட்டு மொழியில் ஒரே வரியில் எழுதும் பயிற்சி. ‘சிறுநீர்’ என்று பாடத்தில் கற்றவர் வாசலில் அச்சொல்லைப் பயன்படுத்தி விழிப்பதும், ‘ஒண்ணுக்கு’, ‘வெளிக்கு’ என்று கேட்டறிந்தவர் அதைப் பதிவேட்டில் எழுதக் கூசுவதும் ஒருங்கே தீரும். தெலுங்கு பேசும் முதியோர்க்கென இதே உரையாடலின் சில தொடர்களைத் தெலுங்கிலும் பதிவுசெய்து சேர்க்கலாம்.

தொழில்நுட்பம் இதற்குத் தடையன்று. மூடுல் போன்ற கட்டற்ற மென்பொருள் 2002 முதலே கிடைக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலும் ஒலிக்கோப்பை அனுப்பலாம். வளம் குன்றியிருப்பது மொழியிலும் குரலிலுந்தான்.

கையின் தேர்ச்சி

ஒலிக்கும் எல்லை உண்டு. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எந்தக் கையைப் பற்றலாகாது, தன் முதுகை எங்ஙனம் காத்துக்கொள்வது என்பதைக் கேட்டும் பார்த்தும் ஓரளவே அறியமுடியும். இங்கிலாந்தில் 2015 ஏப்ரலில் பராமரிப்புப் பணியில் புதிதாகச் சேர்வோர்க்குப் ‘பராமரிப்புச் சான்றிதழ்’ அறிமுகமானபோது 15 தரநிலைகள் வகுக்கப்பட்டன. அறிவுப்பகுதியை மின்வழியில் கற்கலாம். ஆனால் செயல்திறனைப் பணியிடத்தில் ஒருவர் நேரில் கண்டு மதிப்பிட்டாலன்றிச் சான்றிதழ் இல்லை. மின்வழிக் கற்றல் வளங்கள் மலிந்த நாடே அவ்வெல்லையை வகுத்துக்கொண்டது நாம் கருதத்தக்கது.

நேரில் காண்பவர் யார் என்ற வினாவுக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய விடை ஒன்று உண்டு. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஏறத்தாழப் பத்து ஊட்டச்சத்துப் பணியாளர்க்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற விகிதம் பின்பற்றப்பட்டது. அம்மேற்பார்வையாளர் கணக்கெடுப்பவராக மட்டுமன்றி, எடைபார்த்தலும் வளர்ச்சி அட்டை வரைதலும் சரியாக நடக்கின்றனவா என்று உடனிருந்து திருத்துபவராகவும் இருந்தார். பயிற்சி என்பது தொடக்கத்தில் ஒருமுறை கொடுத்து முடிப்பதன்று, பணியோடு தொடர்வது என்ற கருத்து அத்திட்டத்தில் நடைமுறையாகவே இருந்தது. இன்று வட்டார அளவில் உள்ள நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அவ்விடத்தை நிரப்பலாம். தன்னார்வலர் ஒலிப்பாடத்தைக் கேட்டு வந்திருப்பார்; செவிலியர் வீட்டுப் பார்வையின்போது ‘நீங்களே புரட்டிப் படுக்கவையுங்கள், நான் பார்க்கிறேன்’ என்பார்; அவர் குறிப்பே மதிப்பெண். திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா அமைப்பு ‘எக்கோ’ முறையில் நடத்தும் இணையவழிக் கலந்துரையாடல்களில் நடப்பதுபோல், களத்தில் கண்ட சிக்கலான நேர்வுகளைப் பணியாளர்கள் முன்வைத்து வல்லுநரோடு ஆராய்வதும் இதனோடு சேரலாம்.

எந்நேரத்தில் கற்பது?

கட்டுரையாளர் இப்பகுதியில் பணிபுரிவோரிடம் உரையாடியபோது, பாடம் கடினமா எளிதா என்ற வினாவுக்கு விடை சுருக்கமாகவே வந்தது. எப்போது படிக்கிறீர்கள் என்ற வினாவே நீண்ட பேச்சைத் திறந்தது. ஒருவர், “ராத்திரி எல்லாரும் சாப்ட்டு பாத்திரம் கழுவுனப்புறம், பையன்கிட்டருந்து போன வாங்கித்தான் பாக்கணும்” என்றார். வேலைநேரத்துக்கு வெளியே, தன் தரவுச் செலவில், பிள்ளையின் கைப்பேசியில் நடக்கும் கற்றலை ‘எங்கும், எந்நேரமும் கற்கலாம்’ என்னும் விளம்பரத் தொடர் மறைத்துவிடுகிறது. அவர் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்; பயிற்சிக்குச் செலவிட்ட மணிநேரம் அவர் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை.

வாரத்தில் ஒரு பிற்பகல், சுகாதார நிலையத்தின் ஒரு கூடத்தில், பொதுக் கைப்பேசி ஒன்றை ஒலிபெருக்கியில் வைத்து எட்டுப்பத்துப் பேர் சேர்ந்து கேட்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அந்நேரத்தைப் பணிநேரமாக எழுதிக்கொள்ள ஆணை ஒன்று வேண்டும். அக்கூடத்தில் ஒலி நிற்கும் இடத்தில் பேச்சு தொடங்கும்: ‘எங்க தெருவுல ஒரு சாமிக்கு இப்படித்தான் ஆச்சு’ என்று ஒருவர் சொல்வார். அதைப் பதிவுசெய்து கொள்ள ஒருவர் அங்கிருந்தால், அடுத்த பாடத்துக்கான முதல் வரி கிடைத்துவிடும்.